தொய்வு உள்ளவர் குசினியைத் துப்புரவாக்குவது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 38. யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கிறோம். சின்ன வயதிலிருந்தே தொய்வு (ஆஸ்துமா). மண்ணிறப் பம்பும் நீலப் பம்பும் பாவிக்கிறேன். குசினி துப்புரவாக்கும் நாட்களில் மூச்சுமுட்டு கூடுகிறது. கடைத் திரவங்களை விட்டுவிட்டு, இணையத்தில் சொன்னபடி வினாகிரி, அப்பச்சோடா, யூக்கலிப்டஸ் எண்ணெய் மூன்றையும் கலந்து ஸ்பிரே போத்தலில் விட்டு அடித்துப் பார்த்தேன். அதற்கும் இருமல் வந்தது. போன கிழமை சிங்க்கில் பிளீச் ஊற்றி ஊறவிட்டிருந்தேன். அதன்மேல் தேசிப்புளி விட்டுத் தேய்த்தால் நன்றாகப் போகும் என்று மாமி சொன்னார். விட்டவுடன் மூச்சடைத்து முற்றத்துக்கு ஓடிவந்தேன். வெளியே விறகடுப்பு, உள்ளே காஸ் அடுப்பு. இயற்கை முறையில் முழுக் குசினியையும் சுத்தமாக்க ஒரு வழி சொல்லுங்கள். அப்படிச் செய்தால் மண்ணிறப் பம்பை நிறுத்தலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சிங்க்கில் நடந்ததிலிருந்தே தொடங்குவோம். அது இன்னொரு தடவை நடக்கக் கூடாது. பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதன்மேல் எந்தப் புளிப்பு விழுந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். தேசிப்புளியானாலும் சரி, வினாகிரியானாலும் சரி, கழிவறைக்கு ஊற்றும் அமிலத் திரவமானாலும் சரி. அமோனியா சேர்ந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு பிளீச் கலந்தால் குளோரமின் என்ற வேறொரு வாயு வரும். இரண்டும் தொய்வு இல்லாதவரையே இருமவைக்கும். மாமி சொன்ன தேசிப்புளியில் குற்றமில்லை, அதற்குக் கீழே இருந்த பிளீச்தான் வினை. நீங்கள் வெளியே ஓடிவந்தது மிகச் சரியான செயல். இப்படியான வேளையில் "தண்ணீர் ஊற்றிவிட்டு வருவோம்" என்று உள்ளே திரும்பக் கூடாது. காற்றுள்ள இடத்தில் இருந்துகொண்டு, மூச்சுமுட்டை உடனே தணிக்கும் நீலப் பம்பை எடுங்கள். குசினிக்குள் அரை மணித்தியாலமாவது ஒருவரும் போக வேண்டாம். குளோரினின் பாதிப்பு சில மணித்தியாலம் கழித்தும் கூடலாம் என்பதால் அன்றிரவு தனியே இருக்கக் கூடாது. போன கிழமையிலிருந்து இருமலோ நெஞ்சு இறுக்கமோ இன்னும் இருந்தால், இந்தப் பதிலை வாசித்து முடிப்பதற்கு முன் வைத்தியரைப் பார்க்க ஒழுங்கு செய்யுங்கள்.

அடுத்தது அந்த ஸ்பிரே போத்தல். வினாகிரியையும் அப்பச்சோடாவையும் கலந்தால் நன்றாகப் பொங்கும், பார்க்க வேலை நடப்பது போலிருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட, மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் சோடியம் அசிற்றேற்று உப்பும்தான். எண்ணெயையும் எடுக்காது, சுண்ணாம்புப் படிவையும் எடுக்காது. மூடிய போத்தலில் கலந்து வைத்தால் காபனீரொட்சைட்டு அழுத்தத்தில் போத்தல் வெடிக்கவும் கூடும். இரண்டும் நல்ல பொருட்கள்தான், ஆனால் தனித்தனியே, வேறு வேறு வேலைக்கு.

உங்களை இருமவைத்தவை பெரும்பாலும் ஸ்பிரேயும் யூக்கலிப்டஸ் எண்ணெயும். ஸ்பிரே எந்தத் திரவத்தையும் மூச்சோடு உள்ளே போகும் அளவு சிறு துளிகளாக்கிவிடுகிறது. உள்ளே இருப்பது கடைச் சாமானா வீட்டுச் சாமானா என்று மூச்சுக்குழாய் பார்ப்பதில்லை. 10 ஐரோப்பிய நாடுகளில் 3,500 பேருக்கு மேல் பின்தொடர்ந்து 2007 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வீட்டில் ஸ்பிரே வகைகளைக் கிழமைக்கு ஒரு தடவையாவது அடிப்பவர்களிடம் தொய்வு அறிகுறிகள் கூடுதலாகக் காணப்பட்டன. யூக்கலிப்டஸ், கற்பூரம், தேசித்தோல் வாசனை எல்லாம் காற்றில் எளிதில் ஆவியாகிறவை. மூக்குத் திறந்தது போல் குளிர்ச்சி தரும், மூச்சுக்குழாயைத் திறக்காது. தொய்வு உள்ள பலருக்கு அந்த வாசனையே மூச்சுமுட்டைக் கிளப்பும்.

ஆகவே ஒரு பொருளை வாங்கும்போதோ கலக்கும்போதோ, அது இலையிலிருந்து வந்ததா தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று பார்ப்பதைவிட, அதிலிருந்து காற்றில் என்ன ஏறும் என்று பாருங்கள். ஆவியாகிறதா, தூளாகப் பறக்கிறதா, புகைகிறதா, துளியாகச் சிதறுகிறதா? நான்குக்கும் இல்லை என்றால் உங்களுக்கு ஏற்றது. இந்தக் கணக்கில் பார்த்தால் வாசனையில்லாத சாதாரணப் பாத்திரம் கழுவும் திரவம், "இயற்கை" என்று எழுதிய வாசனை ஸ்பிரேயை எளிதாக வென்றுவிடும்.

அன்றாட வேலைக்கு இது போதும். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வாசனையற்ற பாத்திரத் திரவம். கூட விட்டால் சுத்தம் கூடாது, அலசும் வேலைதான் கூடும். பருத்தித் துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, மேசை, சிங்க், காஸ் அடுப்பின் மேல்தட்டு எல்லாவற்றையும் துடையுங்கள். பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தில் வெறும் தண்ணீர் வைத்து, இரண்டாவது துணியால் அலசித் துடையுங்கள். திரவத்தைத் துணியில் விட வேண்டும், பரப்பின்மேல் அடிக்கக் கூடாது.

சவர்க்காரக் கட்டியைக் கரைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வேறு ஊரென்றால் சரி. எங்கள் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் வெட்டியவை, தண்ணீரில் கல்சியம் அதிகம். சவர்க்காரம் அந்தக் கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படலமாகிப் பரப்பில் ஒட்டும். நுரை வராததால் இன்னும் சவர்க்காரம் போடுவோம், படலம் இன்னும் தடிக்கும். மாரி காலத்தில் அந்தப் படலத்தில் தூசியும் ஈரமும் நின்று பூஞ்சணம் பிடிக்கும். பாத்திரத் திரவத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. ஏற்கெனவே படலம் பிடித்திருந்தால், வெறும் தண்ணீரால் அலசிவிட்டு, ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வடித்த தேசிப்புளி கலந்து துடைத்து, திரும்பவும் அலசுங்கள். சவர்க்காரத் தண்ணீருக்குள்ளேயே புளியை விட்டால் சவர்க்காரம் திரைந்து பிசுக்காகும், வேலை இரட்டிக்கும்.

குழாய், கேத்தில், சிங்க் ஓரம் இவற்றில் பிடிக்கும் வெள்ளைக் காறைக்கு அப்பச்சோடா எதுவும் செய்யாது, அமிலம்தான் வேண்டும். எந்த அமிலம் என்பதில்தான் உங்களுக்குக் கவனம் தேவை. வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலம் ஆவியாகும், அதன் மணமே நெஞ்சைப் பிடிக்கும். தேசிக்காயிலுள்ள சிற்றிக் அமிலம் ஆவியாகாது. அதனால் உங்கள் வீட்டுக்குத் தேசிப்புளி அல்லது கடையில் தூளாக விற்கும் சிற்றிக் அமிலமே நல்லது. தேசிக்காயைப் பிழிந்து வடித்த சாற்றை மட்டும் எடுங்கள். தோலால் தேய்க்க வேண்டாம், வாசனை எண்ணெய் தோலில்தான் இருக்கிறது.

கேத்திலுக்கு: தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சிற்றிக் அமிலம் கரைத்து அரை மணித்தியாலம் விடுங்கள். பிறகு கொட்டி இரண்டு தடவை அலசுங்கள். அமிலத்தோடு சேர்த்துக் கொதிக்கவைக்க வேண்டாம். கொதிசூட்டில் கல்சியம் சிற்றேற்று திரும்பவும் படியும். குழாய்க்குத் துணியை அந்தக் கரைசலில் நனைத்துச் சுற்றி இருபது நிமிடம் விட்டால் காறை இளகும். பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு மாமியின் பழம்புளி முறையை மிஞ்ச ஒன்றுமில்லை. அதிலுள்ள அமிலமும் ஆவியாகாதது.

ஒரு எச்சரிக்கை: சீமெந்து நிலம், மாபிள், சீமெந்துத் தொட்டி இவற்றில் எந்தப் புளியையும் ஊற்ற வேண்டாம். காறையைக் கரைக்கும் அதே அமிலம் நிலத்தின் மினுக்கத்தையும் அரித்துவிடும். அரித்த நிலம் சொரசொரத்து அழுக்கை இன்னும் பிடித்து வைக்கும்.

இனி எண்ணெய்ப் பிசுக்கு. பொரியலும் தாளிப்பும் நடக்கும் அடுப்புக்குப் பின்சுவரில் கிழமைக்கொரு தடவை பாத்திரத் திரவத் தண்ணீரால் துடைத்தாலே போதும், மாதக் கணக்கில் விட்டால்தான் கடுஞ்சரக்கு தேவைப்படும். காய்ந்து தடித்துவிட்டதென்றால், ஒரு லீற்றர் சுடுதண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச்சோடா. றப்பர் கையுறை கட்டாயம். துணியை நனைத்துப் பிசுக்கின்மேல் பத்து நிமிடம் ஒட்டி வைத்து, பிறகு துடைத்து, இரண்டு தடவை அலசுங்கள். முதலில் தண்ணீர், பிறகு தூள். தூளைப் பாத்திரத்தில் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் தூள் கிளம்பி மூக்குக்கு வரும். சலவைச்சோடாவை அலுமினியத்தில் பாவிக்கக் கூடாது, கறுத்துவிடும். புகை உறிஞ்சியின் வலை பெரும்பாலும் அலுமினியம் என்பதைப் பலர் மறந்துபோகிறார்கள். அதைச் சுடுதண்ணீரிலும் பாத்திரத் திரவத்திலும் மட்டும் ஊறவையுங்கள்.

அடிப்பிடித்த தாச்சிக்கும் கறை பிடித்த சிங்க்குக்கும் அப்பச்சோடா. மூன்று மேசைக்கரண்டி சோடா, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், இரண்டு துளி பாத்திரத் திரவம் சேர்த்துக் குழைத்துப் பூசி, கால் மணித்தியாலம் விட்டுத் தேய்க்கலாம். சாம்பலும் இதே வேலையைச் செய்யும், ஆனால் காய்ந்த சாம்பலைத் தொட்டுத் தேய்க்காமல் ஒரு சிரட்டையில் நனைத்துக் குழைத்து எடுங்கள். மரச்சாம்பல் நல்ல காரம், வெறுங்கையைப் புண்ணாக்கும்.

சாம்பலைச் சொன்னதால் விறகடுப்பு. அடுப்பைக் காய்ந்தபடி கூட்டி அள்ளுவதுதான் குசினி வேலைகளிலேயே உங்களுக்கு அதிகம் கேடானது என்பது என் அபிப்பிராயம். பிளீச்சை மணம் காட்டிக் கொடுக்கும், சாம்பல் தூள் சத்தமில்லாமல் போகும். முடிந்தால் இந்த வேலையை வீட்டில் வேறொருவர் பொறுப்பெடுக்க வேண்டும். குசினி என்றால் பெண்ணின் தலையில் என்ற வழக்கத்தை இந்த ஒன்றிலாவது விடலாம், உங்கள் கணவருக்கு இரண்டு கையும் இருக்கும்தானே. நீங்களே செய்யத்தான் வேண்டுமென்றால், தணல் முழுதும் ஆறியபின், கையால் தண்ணீர் தெளித்து, சாம்பல் ஈரமண் போல ஆனதும், தகட்டால் மெதுவாக அள்ளி மூடியுள்ள வாளியில் போடுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்குப் பக்கமாக நின்றால் தூள் முகத்துக்கு வராது. இந்த வேலைக்கு N95 முகக்கவசம் உதவும். சாதாரண நீல முகக்கவசம் நுண்ணிய தூளை நன்றாகத் தடுக்காது. பிளீச் ஆவியை இரண்டுமே தடுக்காது, அதை நம்பிக் குளோரின் வேலையில் இறங்க வேண்டாம்.

தூள் வறுக்கும் நாள் இன்னொரு சிக்கல். செத்தல் மிளகாய் வறுக்கும்போது கிளம்பும் காரம் எவரையும் தும்ம வைக்கும், உங்களுக்கு அது தாக்குதலாகவே மாறலாம். வறுப்பதை வெளியே, வேறொருவர் செய்யட்டும். ஆனால் பலர் கவனிக்காதது அதற்குப் பிந்திய துப்புரவு. வறுத்த சூட்டோடு தாச்சியில் தண்ணீர் ஊற்றினால் ஆவியோடு காரமும் முகத்தில் அடிக்கும். ஆறவிட்டுப் பச்சைத் தண்ணீரும் பாத்திரத் திரவமும் விடுங்கள். மிளகாய்க் காரம் வெறும் தண்ணீரில் கரையாது, அதனால்தான் வெறுமனே கழுவிய பிறகும் துணியிலும் கையிலும் எரிவு நிற்கிறது. அரைத்த தூளை அடைத்த இடத்தைத் தும்புத்தடியால் கூட்ட வேண்டாம், அரை மணித்தியாலம் அடங்கவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள். அரிசிமா, ஒடியல்மா அரித்த இடத்துக்கும் இதே முறை. பொதுவாகவே காய்ந்த கூட்டலைக் குசினிக்குள் நிறுத்திவிட்டு ஈரத்துடைப்புக்கு மாறுங்கள்.

மாரி தொடங்கினால் பூஞ்சணம். சிங்க்குக்குக் கீழே, குளிர்சாதனப் பெட்டிக் கதவின் றப்பர் ஓரம், அதன் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, அலுமாரியின் சுவர்ப்பக்கம் இந்த நான்கையும் ஐப்பசியிலிருந்து கிழமைக்கொரு தடவை பாருங்கள். கறுத்த புள்ளியைக் காய்ந்தபடி சுரண்டினால் வித்துகள் காற்றில் பறக்கும். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமை தரும் என்பதால் கொல்வது மட்டும் போதாது, துடைத்து எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பாத்திரத் திரவம் கலந்து முதலில் இடத்தை நனையுங்கள். பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, துணியால் எடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிட்டு, இடத்தைக் காயவிடுங்கள். உள்ளங்கையைவிடப் பெரிய திட்டு என்றால் நீங்கள் தொட வேண்டாம். பத்து நாளில் திரும்ப வந்தால் ஒழுக்கோ கசிவோ எங்கோ இருக்கிறது, அதைத் திருத்தாமல் துடைத்துப் பயனில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது பூஞ்சணத்துக்கு நல்ல தடை. அடிக்கும் நாளில் நீங்கள் மட்டும் வேறு வீட்டில் நில்லுங்கள்.

கரப்பான் பூச்சியின் எச்சமும் உதிர்ந்த ஓடும் தொய்வைத் தூண்டுபவை. அதற்காகப் பூச்சி ஸ்பிரே அடித்தால் ஒரு தூண்டலுக்குப் பதில் இரண்டாகும். இரவில் சிங்க்கைக் காயத் துடைத்து, குப்பை வாளியை மூடி, பூச்சிக்கான பசை மருந்தைப் பிள்ளைகள் எட்டாத இடுக்குகளில் வையுங்கள். எச்சத்தை ஈரத்துணியால் எடுங்கள். குசினியை முடித்தபின் மணம் போகச் சாம்பிராணி போடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், துப்புரவாக்கிய காற்றில் புகையை ஏற்றுவதாகிவிடும்.

மீன், இறைச்சி வெட்டிய பலகைக்குப் பிளீச் தேவையில்லை. பாத்திரத் திரவத்தால் தேய்த்துக் கழுவி, கொதிதண்ணீர் ஊற்றி, வெயிலில் இரண்டு பக்கமும் காயவையுங்கள். திருவலை, துடைக்கும் துணிகள், பாத்திரம் தேய்க்கும் தும்பு எல்லாவற்றையும் வெயிலில் காயவைப்பதே சிறந்தது. சிங்க் ஓரத்தில் ஈரமாகக் கிடக்கும் பஞ்சை இரண்டு கிழமைக்கொரு தடவை மாற்றுங்கள். வீட்டில் யாருக்காவது வயிற்றோட்டம் வந்தால் மட்டும் பிளீச் எடுக்கலாம். 5 வீதச் சரக்கென்றால் ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர். வேறொருவர், எல்லா யன்னலும் திறந்து, துணியால் பூச வேண்டும். காய்ந்து மணம் போனபின்தான் நீங்கள் உள்ளே போக வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் தூள் போடுவதும் அப்படியே. தூளைக் கரைக்கும் இடத்தில் நீங்கள் நிற்க வேண்டாம்.

மண்ணிறப் பம்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம். அது மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை அடக்கி வைக்கும் மருந்து, குசினி எவ்வளவு சுத்தமானாலும் அந்த வேலையைத் துணியும் தண்ணீரும் செய்யாது. நன்றாக இருக்கிறது என்று நிறுத்துபவர்களுக்குச் சில கிழமையில் வீக்கம் திரும்புவதுண்டு. குறைப்பதென்றால் வைத்தியர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதை இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். நீலப் பம்பைத் துப்புரவு வேலை நேரத்தில் அறை அலுமாரியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அது கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், அல்லது இரவில் முட்டு எழுப்பினால், உங்கள் தொய்வு கட்டுப்பாட்டில் இல்லை, கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நீலப் பம்ப் எடுத்தும் குறையாவிட்டால், ஒரு முழு வசனம் பேச மூச்சு இடம் தராவிட்டால், உதடு நீலித்தால் உடனே 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இந்த மாற்றங்களைச் செய்து இரண்டு கிழமை, எந்த நாள் எந்த வேலை, நீலப் பம்ப் எத்தனை தடவை என்று கலண்டரில் குறித்துவாருங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அதோடு, வீட்டில் பாவிக்கும் துப்புரவுத் திரவங்களின் லேபிள்களையும் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். "ஏதோ ஒரு கிளீனர்" என்று சொல்வதைவிட, அதில் எழுதியுள்ள பெயர்கள் வைத்தியருக்கு எவ்வளவோ உதவும்.